மற்றும் போட்ட வீடு

வீடு வாங்கப் போன அன்று பத்திரம் எழுதுபவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "வூட்ல ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்பதுதான். யாரும் வரவில்லை, நாங்கள் இரண்டு பேர்தான் வாங்குகிறோம் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார். கண்ணாடி வழியாகவும் ஆம்பளை யாரும் தெரியவில்லை என்பதால் வேறு வழியின்றி எழுத ஆரம்பித்தார்.

நான் செவிலியர். செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என்னோடு வீடு வாங்கியவளும் அதே மருத்துவமனையில் செவிலியர். என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவள் கருங்குழிக்காரி. அப்பாவுக்கு ஏரிப்பாசனத்தில் சொந்த நிலம் இருந்தது. நான் அச்சரப்பாக்கம் பக்கம். எங்கள் வீட்டில் அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவோம், திங்கட்கிழமை நடவுக்குப் போவோம். நான் நர்சிங் படித்ததே சர்ச் ஹாஸ்டலில் தங்கித்தான்.

நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று இரண்டு ஊரிலும் நாலைந்து கதைகள் உலவின. எதுவும் சரியில்லை, திருத்தவும் நாங்கள் மெனக்கெடவில்லை. செங்கல்பட்டில் ஒரே வாடகை வீட்டில் வருஷக்கணக்காக இருந்தோம். வீட்டுக்காரர் அடிக்கடி புத்தி மாறுகிறவர். அவரோடு மல்லுக்கட்ட முடியாமல், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, சவுக்குத் தோப்பை ஒட்டி மூன்று அறை உள்ள ஒரு பழைய வீட்டை வாங்கினோம். அப்போது அந்தப் பக்கம் யாரும் சீந்தவில்லை. பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாக வேலைக்குப் போய் வருவோம்.

பத்திரம் எழுதுபவரிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது ஒரே ஒரு விஷயம். அக்காதான் சொன்னாள்.

"எங்க ரெண்டு பேர்ல ஒருத்தி போய்ட்டா, இருக்கறவளுக்கு வூடு வரணும். அத்த தெளிவா எழுதிடுங்க."

"அதெல்லாம் தானா வரும்மா," என்றார் அவர். "ரெண்டு பேர் பேரும் போடறோம் இல்ல? அப்பறம் இன்னா?"

பிரதி வந்ததும் நான் வாசித்தேன். "தாங்கள் இருவர் மற்றும் தங்கள் வாரிசுகள் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று இருந்தது. கல்யாணமே ஆகாத இரண்டு பேருக்குப் பேரன் வரைக்கும் ஏற்பாடு செய்திருந்தார்.

"எங்களுக்கு ஏது சார் வாரிசு? இத்த எடுத்துடுங்களேன்," என்றேன்.

"அது வழக்கமா போடறதும்மா. எடுத்தா பத்திரம் மாதிரியே இருக்காது."

பத்திரம் மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக அந்த 'மற்றும்' அப்படியே இருந்தது. நாங்களும் கையெழுத்துப் போட்டோம். நோயாளிக்கு ஊசி போடுமுன் மருந்துப் பெயரை மூன்று முறை சரிபார்க்கிற இரண்டு பேர், ஆயுசு முழுக்கச் சம்பாதித்ததைக் கொடுத்து வாங்கிய வீட்டுக்கு ஒரு முறை வாசித்து, ஒரு கேள்வி கேட்டு, ஒரு மழுப்பலான பதிலை வாங்கிக்கொண்டு, பதிவு முடிந்ததென்று ரோஸ்மில்க் குடிக்கப் போனோம். மற்றவர்களின் அசட்டுத்தனத்தைப் பற்றி நிறையச் சொல்லப்போகிறேன். எங்களுடையதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை.

புதுமனை புகுவிழாவுக்கு அக்காவின் தம்பியைக் கூப்பிட்டோம். அவனுக்குக் கருங்குழியில் ஜல்லி மண் ஏற்றும் டிப்பர் லாரிகள் இருந்தன. அவன் வரவில்லை. "அந்தப் பொண்ணு ஆக்கிப் போடற வூட்ல வந்து நான் எப்டி கை நனைக்கறது?" என்று போனில் அக்காவிடம் கேட்டானாம். அந்தப் பொண்ணு என்றால் நான். அக்கா போனை வைத்துவிட்டு வந்து, "அவனுக்கு லாரி லோடு கீதாம்," என்றாள். உண்மையை ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் அவன் அந்த வாசலில் கால் வைக்கவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன், ஒரு புதன்கிழமை காலை, அக்கா பல் தேய்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள். வார்த்தை குழறியது. திரும்பிப் பார்த்தபோது வலது கை தொங்கிவிட்டிருந்தது. இரண்டு பேருமே செவிலியர்கள் என்பதால் யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன், அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மூளையில் ரத்தக் கசிவு, உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார்கள்.

கையெழுத்துக்குப் படிவம் வந்தது. "நோயாளி அல்லது நெருங்கிய இரத்த உறவினர்." நான் பேனாவைத் திறந்தேன்.

"நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் அங்கிருந்த செவிலியர். சின்னப் பெண்.

"ஒரே வீட்ல இருக்கோம்."

"ரிலேஷனா மேடம்?"

இந்தக் கேள்வியை நானே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். எத்தனை பேரைப் பேனாவும் கையுமாக இதே இடத்தில் நிறுத்திவைத்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அப்போதெல்லாம் விதியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைப்பு. அந்தப் பெண்ணிடம் எனக்குக் கோபம் வரவில்லை. தம்பிக்குப் போன் செய்தேன். மூன்று மணி நேரம் கழித்து வந்தான். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே போய் லாரி டிரைவருக்குப் போன் பேசினான். இருபத்திரண்டு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட எனக்கு இல்லாத உரிமை, பதினான்கு வருஷம் எட்டிப் பார்க்காத அவன் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகியிருந்தது.

நாலாம் நாள் அக்கா போய்விட்டாள். உடலைக் கருங்குழிக்குக் கொண்டுபோனார்கள். நான் எங்கள் மருத்துவமனைக்காரர்களோடு அந்த வீட்டு கேட் ஓரம் நின்றேன். யாரோ ஒரு பெரியவர் என்னைக் காட்டிக் கேட்டபோது, "கூட வேல செஞ்ச நர்ஸு," என்றான் தம்பி. அந்தக் 'கூட'வுக்குள் எங்கள் வாழ்க்கை முழுவதையும் மடித்து வைத்து மூடினான்.

அடுத்த மாதம் வங்கிக்குப் போனேன். வீட்டுச் செலவுக்கென்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வைத்திருந்த கணக்கு அது. இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர்ல ஒருத்தர் அல்லது உயிரோட இருக்கிறவர்னு போட்டிருக்கீங்க மேடம். அப்ப பிரச்னையே இல்ல, நீங்களே எடுத்துக்கலாம்," என்றார். பத்து நிமிஷ வேலை. வீடும் இப்படித்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். கையில் பிளாஸ்டிக் உறை. உள்ளே வாரிசுச் சான்றிதழும் எங்கள் கிரயப் பத்திரத்தின் நகலும். நகலில் மஞ்சள் மையால் ஒரு வரியைப் பூசியிருந்தான். வாசலில் நின்றபடி விரலை வைத்துக் காட்டினான்.

"இங்க பாருங்க சிஸ்டர். மற்றும்னு போட்டுகீது. எங்க அக்காவும் நீங்களும். மற்றும் வாரிசுங்க. எங்க அக்காக்கு வாரிசு நாந்தான். தாலுகா ஆபீஸ்லயே எழுதிக் குடுத்துட்டான்."

சிஸ்டர் என்று என்னைக் கூப்பிட்டது மரியாதைக்காக அல்ல. அக்கா என்று கூப்பிட மனசு வரவில்லை, பேர் சொல்லவும் வாய் வரவில்லை. நர்ஸ் வேலை அவனுக்கு இந்த ஒரு வகையில் உதவியது.

"உங்க அக்கா இது எனக்கு வரணும்னுதான் சொல்லிச்சு," என்றேன்.

"சொல்லிச்சுன்னா எழுதிகீதா?"

எழுதவில்லை. உயில் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் பேசுவோம். பொங்கல் போகட்டும் என்போம், பிறகு மழை விடட்டும் என்போம்.

எங்கள் அம்மா ஆயுசில் 'மற்றும்' என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அரிசியும் பருப்பும் என்பாள், நீயும் தங்கச்சியும் என்பாள். பேசுகிற வாயில் வராத இந்தச் சொல் காகிதத்தில் மட்டும் குடியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகையிலும் கட்சி போஸ்டரிலும் அது இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டுப் பத்திரத்தில் அது வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு யார் வேண்டுமானாலும் வாருங்கள் என்று நிற்கிறது.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் வர ஆரம்பித்தான். காலை பத்து மணிக்கு வந்து முன்னறை நாற்காலியில் உட்காருவான். சாயங்காலம் வரை இருப்பான். குடிக்கத் தண்ணீர் தன் வீட்டிலிருந்தே கேனில் கொண்டுவருவான். மதியச் சாப்பாடு மாமல்லபுரத்து ஓட்டலில். என் தண்ணீர் அவன் தொண்டையில் இறங்காது, என் வீட்டில் பாதி மட்டும் இறங்கும். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அக்காவின் அறையை அவனே பூட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டான்.

"அது உள்ள என் புடவை இரும்புப்பெட்டி இருக்கு," என்றேன்.

"ரெண்டு பேர் சொத்து சிஸ்டர். செட்டில் ஆவட்டும், எடுத்துக்கலாம்."

செங்கல்பட்டு நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் அலுவலகம் வைத்திருந்த ஒரு வக்கீல் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். எங்கள் மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொண்டவர் என்பதால் என்னைத் தெரியும். பத்திரத்தை வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பாதி அவருக்குத்தாம்மா. ஒருத்தருக்குப் பிறகு மத்தவருக்குன்னு ஒரு வரி எழுதியிருந்தா கதையே வேற."

"எந்தப் பாதி? பூட்டின ரூம் அவனோட பாதியா?"

"இல்ல. பிரிக்காத பாதி. வீட்ல ஒவ்வொரு செங்கல்லயும் அவருக்குப் பாதி, உங்களுக்குப் பாதி. அதனால அவரு ரூமைப் பூட்ட முடியாது. நீங்க அவரு உக்கார்ற நாற்காலிய எடுக்க முடியாது."

"அப்ப கக்கூஸு?"

"அதுலயும்தான்," என்றார். அவர் சிரிக்கவில்லை. சட்டம் படித்தவர்களுக்கு இதெல்லாம் பழகிவிடும்போல.

சில மாதங்களில் தம்பி ஒரு புரோக்கரையும் சென்னைக்காரர் ஒருவரையும் கூட்டி வந்தான். சென்னைக்காரருக்கு வீட்டை வாங்கி, வார விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடுகிற யோசனை. பாதியை இப்போது வாங்கிக்கொண்டால் மீதிப் பாதிக்காரி தானாக வழிக்கு வருவாள் என்று புரோக்கர் என் எதிரிலேயே சொன்னான். சென்னைக்காரர் செருப்பைக் கழற்றாமல் எல்லா அறையையும் சுற்றினார்.

"கடல் எங்கேர்ந்து தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது. சத்தம் மட்டும் கேக்கும்."

"மேல ஒரு மாடி எடுத்தா சூப்பரா தெரியும் சார்," என்றான் புரோக்கர். இல்லாத மாடியில் நின்று பார்ப்பவன்போலக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் காட்டினான். சென்னைக்காரரும் அந்தத் திசையில் பார்த்தார். அங்கே எங்கள் தண்ணீர்த் தொட்டி இருந்தது.

தம்பி விற்கப்போகிறான் என்று வக்கீல் அம்மாவிடம் ஓடினேன். தன் பாதியை விற்க அவனுக்கு உரிமை உண்டு, தடுப்பது கஷ்டம் என்றார். பிறகு, "இந்த வீடு சம்பந்தமா வேற எதாவது பத்திரம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. எங்கள் வீடு ரோட்டை ஒட்டியதல்ல. முன்னால் இன்னொருவர் மனை. அவர் மனையின் ஓரமாகப் பத்தடிச் சந்து ஒன்று உண்டு, அதில்தான் நாங்கள் போய்வருவோம். வாய்ப்பேச்சாகக் கிடைத்த வழி அது. சில வருஷம் கழித்து அவர் காம்பவுண்டு கட்டப்போகிறேன் என்றதும், அந்தச் சந்து நிலத்தையே அவரிடமிருந்து கிரயம் வாங்கிவிட்டோம். அந்தச் சமயத்தில்தான் வங்கியில் 'அல்லது' போட்ட கணக்கு தொடங்கியிருந்தோம். யாராவது ஒருத்தி போனாலே காரியம் நடந்தது. அக்காவுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது எங்கள் வேலையில் குதிரைக்கொம்பு.

"இதுக்கும் அல்லதுன்னே போட்டுடுங்க சார். எவளாவது ஒருத்தி வந்தா போதும்," என்று பத்திரம் எழுதுபவரிடம் சொன்னாள். அதே ஆள்தான். "அதுக்கென்ன, போட்டுடலாம்," என்றார். எங்களில் ஒருத்தி செத்தால் வீடு மற்றவளுக்கு வர வேண்டும் என்றபோது எழுத முடியாத மனிதர், இதைக் கேட்டதும் எழுதிவிட்டார். "இன்னார் அல்லது இன்னார் ஆகிய தங்களுக்கு" என்று பத்திரம் பதிவானது. எந்த ஊர்ப் பதிவு அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. முத்திரை எல்லாம் சரியான இடத்தில் விழுந்திருந்தது. வாசித்தவர் யாருமில்லை என்பதுதான் குறை.

வக்கீல் அம்மா அந்த வரியைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வாங்கினது யாருன்னே தெரியாத கிரயப் பத்திரத்த இப்பத்தாம்மா பாக்கறேன். நீங்களா, அவங்களா? இது சொல்லல. கேஸ் போட்டா ரெண்டு பேருக்கும் பாதின்னும் தீர்ப்பு வரலாம். செல்லாதுன்னும் வரலாம். உயிரோட இருக்கற நீங்கதான் முழு ஓனர்னு நானே வாதாடுவேன். முடியறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மெண்ட் ஆயிடும்."

"அப்ப இது நல்லதா கெட்டதா?"

"வாங்க வர்றவங்களுக்குக் கெட்டது. வீட்டுக்குப் போற வழியே யாருதுன்னு தெரியாத வீட்ட எந்த வக்கீலும் வாங்கச் சொல்ல மாட்டாங்க. பத்திரத்த ஜெராக்ஸ் எடுத்து அந்தச் சென்னைக்காரர்கிட்ட குடுங்க. மறைக்கக் கூடாது இல்ல?"

கொடுத்தேன். பத்து நாளில் சென்னைக்காரர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். புரோக்கரும் காணாமல் போனான். தம்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நாற்காலியில் உட்காரவில்லை.

"ஒரே பேஜாராகீது சிஸ்டர். ஒரு வார்த்தைக்காவ பார்ட்டி ஓடிட்டான். அல்லதுன்னு எவனாவது போடுவானா?"

"உங்க அக்காதான் போடச் சொல்லிச்சு."

"அது ஏதோ தெரியாம சொல்லிகீது. ஒரு வார்த்தையப் புடிச்சிகினு இப்டி பண்ணலாமா? நியாயமா இது?"

மஞ்சள் மை பூசிய நகலோடு வந்த மனிதன் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்வது நியாயமா என்று என்னைக் கேட்கிறான். அவன் நடிக்கவில்லை. நிஜமாகவே மனம் நொந்து போயிருந்தான். தனக்கு ஆகிற சொல் சட்டம், ஆகாத சொல் எழுத்துப்பிழை. இப்படி ஒரு தெளிவோடு வாழ்வதும் சுகமாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அவன் வருவது குறைந்தது, பிறகு நின்றது. பூட்டு மட்டும் இருந்தது. அந்த வருஷ மழையில் பூட்டிய அறையின் கூரை ஒழுக ஆரம்பித்தது. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வெளியே வரும். துடைத்துப் பிழிவேன். போன் செய்தால், "வர்றேன், டிரைவர் லீவு," என்பான். பூட்டை உடைக்கலாமா என்று வக்கீல் அம்மாவைக் கேட்டேன். உடைத்தால் உள்ளே இருந்த தங்கம் போயிற்று என்று புகார் கொடுப்பான், பொறுங்கள் என்றார். அந்த அறையில் தங்கம் இருந்ததில்லை. அக்காவின் கட்டிலும் பீரோவும் அவள் யூனிஃபார்மும் என் புடவைப்பெட்டியும்தான். இரண்டு மழைக்காலம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தண்ணீர் துடைத்தேன்.

போன வருஷம் அவனே போன் செய்தான். லாரிக்கு எஞ்சின் வேலை வந்துவிட்டதாம். என் பாதியை உங்களுக்கே விடுதலைப் பத்திரம் எழுதித் தந்துவிடுகிறேன், ஒரு தொகை கொடுங்கள் என்றான். என் ஓய்வுக்கால வைப்பு நிதியில் பெரும்பகுதி அதற்குப் போயிற்று. எவ்வளவு என்று எழுதினால் எனக்கே வயிறு எரியும். வக்கீல் அம்மா வாசகத்தை எழுதிக் கொடுத்தார், ஆனால் அச்சடிக்க அதே பத்திரம் எழுதுபவரிடம்தான் போக வேண்டியிருந்தது. அந்தப் பதிவு அலுவலகத்துக்கு வெளியே அவர்தான் இன்னும் ராஜா. கண்ணாடி மாறியிருந்தது, கம்ப்யூட்டர் வந்திருந்தது. எங்களை அவருக்கு நினைவில்லை. எங்கள் வீட்டைப் பதினேழு வருஷத்துக்கு முன் இரண்டாகப் பிளந்த கை, அதைப் பற்றி ஒரு ஞாபகமும் வைத்திருக்கவில்லை.

வக்கீல் அம்மாவின் வாசகத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தன் கம்ப்யூட்டரில் இருந்த பழைய பத்திரத்தில் பெயரை மாற்றி அடித்துக் கொடுத்தார். நான் வரி வரியாக வாசித்தேன். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தினேன்.

"இது இன்னா சார்? மற்றும், நடுவுல ஒரு கோடு, அல்லது."

"ஸ்லாஷும்மா."

"மற்றுமா, அல்லதா?"

"ரெண்டுந்தான். எது தேவையோ அத்த எடுத்துக்கலாம்."

"யாரு எடுத்துக்கறது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் யாரும் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அது அப்பறம் பாத்துக்கலாம்மா," என்றார்.

"இப்பவே பாத்துக்கலாம். எடுங்க."

"நீங்க டீச்சரா?"

"நர்ஸு."

பன்னிரண்டு இடத்தில் அது இருந்தது. பன்னிரண்டையும் எடுக்க வைத்தேன். "வாரிசுகளும்" என்று வந்த இடத்தில் யாருடைய வாரிசுகள் என்று கேட்டேன். "மேற்படி" என்று வந்த இடத்தில் எந்த மேற்படி என்று கேட்டேன். நான்கு முறை அச்சடித்தார். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். ஒருவர், "அம்மா, பத்திரம்னா அப்டித்தான் இருக்கும், கையெழுத்துப் போட்டுட்டுப் போவீங்களா," என்றார். அவர் கையிலும் ஒரு பத்திரம் இருந்தது. அவர் அதை வாசித்திருக்கவில்லை என்று பந்தயம் கட்டுவேன்.

தம்பி பெஞ்சில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஆள் இளைத்திருந்தான். ரேகை வைத்து, போட்டோ எடுத்து, எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து என்னிடம் நீட்டினான். போகவில்லை. செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான்.

"அக்கா அன்னிக்குக் காலைல எதுனா சொல்லிச்சா?" என்றான். "என்ன பத்தி."

மூன்று வருஷம் கழித்து, பணம் கைக்கு வந்த பிறகு கேட்கிறான். நறுக்கென்று ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஏதோ சொல்ல வந்துச்சு. பேச்சு வரல," என்றேன். அதுதான் நடந்தது.

தலையாட்டிவிட்டுப் போனான். அவன் மீது எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். ஆனால் பஸ்ஸில் வரும்போது அவனைத் திட்டவும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து சாவியைப் போட்டால் திரும்பவில்லை. உப்புக்காற்றில் பூட்டு இறுகிப் போயிருந்தது. பக்கத்தில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன். இரண்டு சுத்தியலடியில் உடைத்துக் கொடுத்தார். உள்ளே மெத்தை பூஞ்சை பிடித்துக் கறுத்திருந்தது. பீரோவின் அடித்தட்டு ஊறிப் பிய்ந்துவிட்டது. யூனிஃபார்மைப் பூச்சி அரித்திருந்தது. அவள் ஓய்வு பெற்றபோது மருத்துவமனையில் கொடுத்த சுவர்க்கடிகாரம் நின்றிருந்தது. என் இரும்புப்பெட்டி துருவேறிப் புடவைகளோடு ஒட்டியிருந்தது. மெத்தையை வெளியே இழுத்துப் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெறும் கட்டிலில் உட்கார்ந்தேன். அழவேண்டும் என்றுதான் நினைத்தேன். கூரைக்கு ஆள் கூப்பிட வேண்டுமே என்ற கவலைதான் வந்தது. அழுகை அடுத்த வாரம், ரேஷன் கடை வரிசையில் நின்றபோது, எந்தக் காரணமும் இல்லாமல் வந்தது.

இப்போது கூரை போட்டாகிவிட்டது. வீடு முழுக்க என் பேரில் இருக்கிறது. வழிச்சந்து மட்டும் இன்னும் யாருடையது என்று தெரியாமல்தான் கிடக்கிறது. தன் பாதி என்று எது இருந்தாலும் அதையும் விட்டுவிட்டேன் என்று தம்பி எழுதிக் கொடுத்துவிட்டதால் ஆபத்தில்லை என்கிறார் வக்கீல் அம்மா. மாதம் ஒருமுறை போன் செய்து, "உயில் எழுதியாச்சாம்மா?" என்று கேட்கிறார்.

எழுதவில்லை. அச்சரப்பாக்கத்தில் தங்கை மகள்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். மூத்தவளுக்கா, இளையவளுக்கா, இருவருக்குமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இருவருக்கும் என்றால் எப்படி எழுதுவது என்று வேறு யோசிக்க வேண்டும். உட்கார்ந்து எழுதினால் அரை மணி நேர வேலை. அவரிடம், மழை விடட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.